சாக்கட்டியை உள்ளே வைத்த கதை

இணையத்தில் குழு அமைக்கும் பிள்ளைகள் என்னிடம் வந்து பெருமை பேசினால் எனக்குச் சிரிப்புத்தான் வரும். எழுபதுகளிலேயே சின்ன காஞ்சிபுரத்தில் ஒரு குழுவுக்கு அட்மினாக இருந்தவன் நான். கம்ப்யூட்டர் எல்லாம் கிடையாது. ஒரு கரும்பலகை, அவ்வளவுதான்.

நெசவாளர் சங்கத்தில் நான் எழுத்தர். தறியில் பாவு நூல் பிணைக்க ஆள் வேண்டும், தறிக்கு அச்சு இரவல் வேண்டும் என்று ஆளாளுக்கு வந்து என் பிராணனை வாங்கினார்கள். பொறுக்க முடியாமல் வெளிச்சுவரில் பலகையை மாட்டி, டப்பாவில் சாக்கட்டி வைத்தேன். யார் வேண்டுமானாலும் எழுதலாம். ஒரே மாதத்தில் தெருவே அங்கே கூடியது. எனக்குத் தலை கனத்துத்தான் போனது.

ஒரு காலையில் பார்த்தால், "மரகதம் சாயம் தண்ணியில ஓடுது" என்று எழுதியிருந்தது. எழுதியவர் பெயர் இல்லை. மரகதம், கணவர் இறந்தபின் பட்டுக்குச் சாயம் போட்டே மூன்று பெண்களை வளர்த்தவர். பதறிப்போய் அழித்தேன். நல்ல காரியம் செய்துவிட்டோம் என்ற நினைப்பு வேறு.

நான்காம் நாள் அவரே வந்து நின்றார்.

"நாலு நாளா ஒருத்தரும் நூல் கொண்டாரல. பலகையில இன்னாபா எழுதியிருந்துச்சு?"

"அத அன்னிக்கே அழிச்சிட்டேன்மா."

"ஊரே படிச்சப்புறம் அழிச்சியா? நான் சொல்லவேண்டிய பதிலையும் சேத்து இல்ல அழிச்சிட்ட!"

எனக்கு முகம் செத்துப்போயிற்று. உள்ளேயிருந்து சங்கத் தலைவர் கத்தினார்: "அந்தப் பலகைய மொதல்ல கழட்டுயா! நமக்கு எதுக்கு வம்பு?"

"கழட்டக் கூடாது. என் பேரு கெட்டது அதுலதான், அதுலயே நேராகணும்" என்றார் மரகதம்.

அழித்த வரியை அவர் சொன்னதன் பேரில் நானே திரும்ப எழுதினேன். அதன் கீழே அவர் எழுதினார்: "நாளை பத்து மணிக்கு இங்கேயே அலசிக் காட்டுகிறேன். மரகதம்."

மறுநாள் நல்ல கூட்டம். அண்டாத் தண்ணீரில் சிவப்புப் பட்டு நூல் சிட்டத்தை முக்கி முக்கி எடுத்தார். தண்ணீர் தெளிவாகவே இருந்தது. அப்பாடா என்று நான் மூச்சு விடுவதற்குள், முனுசாமி என்ற நெசவாளர் ஒரு சிட்டப் பொட்டலத்தைப் பிரித்துக்கொண்டு முன்னே வந்தார்.

"அப்போ இது மட்டும் ஏன் ஓடுச்சு? எழுதினது நான்தான். பொய் எழுதல."

மரகதம் குனிந்து பார்த்தார். "என் சாயம்தான். மூணு அலசு பாக்கி இருக்குதுன்னு சொல்லிக்கினே இருந்தேன். முகூர்த்தப் புடவைன்னு புடுங்கினு போனியே! என் வீட்டுக்கு வந்து கேக்கறதுக்கு இன்னா?"

முனுசாமி தலையைச் சொறிந்தார். "குடு, முடிச்சித் தரேன்" என்று மரகதமே சிட்டத்தை வாங்கிக்கொண்டார்.

அன்று மாலையே சாக்கட்டி டப்பாவை உள்ளே வைத்தேன். வேண்டியவர்கள் ஜன்னலில் என்னிடம் கேட்டு வாங்க வேண்டும், எழுதினால் பெயர் போட வேண்டும், ஒவ்வொரு வரிக்கும் கீழே பதிலுக்கு ஒரு வரி காலி விட வேண்டும். தலைவர் முணுமுணுத்தார், ஆனால் கழற்றச் சொல்லவில்லை. நான் ஓய்வு பெறும்வரை அந்தப் பலகை அங்கேயே இருந்தது. எனக்கு அதில் இன்றும் பெருமைதான், மறைக்க மாட்டேன்.

எழுத இடம் கொடுக்கும்போதே பதிலுக்கும் இடம் கொடுங்கள், பிள்ளைகளே. அதை நான் கற்றுக்கொள்ள ஒரு பெண்ணின் நாலு நாள் பிழைப்பு போனது.

டப்பாவை உள்ளே வைத்த அடுத்த வாரம் ஜன்னலில் சாக்கட்டி கேட்டு நின்றவர் முனுசாமி. "சாயம் நிக்குது. அவசரம் என்னுது. முனுசாமி" என்று எழுதி, கீழே ஒரு வரி காலி விட்டார். மதியம் போய்ப் பார்த்தேன். அந்த இடத்தில் மரகதம் எழுதியிருந்தார்: "நூல் கொண்டாங்க."