பௌர்ணமிக் கயிறு

என் தம்பி சரக்குக் கப்பலில் ஃபிட்டர். போன வருடம் அவன் கப்பல் ஒரு நீரிணையின் வாயில் நங்கூரம் போட்டு நின்றுவிட்டது. கரையில் இருக்கும் நாடு, கடந்து போகக் காசு கேட்கிறதாம். நீரிணையைக் கடந்து அந்தப் பக்கம் இருக்கும் துறைமுகத்தில் இறங்கினால்தான் அவன் ஊர் வர முடியும். இங்கே அவன் மனைவிக்கு நிறைமாதம்.

பௌர்ணமியன்று சாயங்காலம் வீடியோவில் கூப்பிட்டான்.

"அக்கா, கால்வாய்னா வெட்டினவன் காசு கேக்கலாம். இது கடல். சும்மா கடந்து போறதுக்கு வாங்கக் கூடாதுனு உலகச் சட்டமே இருக்கு. கப்பல இழுத்து விட்டா, வழி காட்டினா, அதுக்கு மட்டும் கேக்கட்டும்."

"சாமி வரம் குடுத்தாலும் பூசாரி குடுக்க மாட்டான்ற கதையால்ல இருக்கு! கடல் என்ன அவனுங்க அப்பன் வீட்டுச் சொத்தா?" என்று கத்தினேன்.

கத்தியது எங்கே நின்று? செங்கம் ரோட்டிலிருந்து கிரிவலப் பாதைக்குப் போகும் எங்கள் வீட்டோரச் சந்தின் முனையில். அது பொதுச்சந்து. அதில் நான் ஒரு கூடை மண்கூடக் கொட்டியதில்லை. ஆனாலும் பௌர்ணமிக்குப் பௌர்ணமி குறுக்கே கயிறு கட்டி, வண்டிக்கு இருபது ரூபாய் வாங்குவேன். ஊரே செய்கிறது, நான் செய்தால் என்ன என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொள்வேன்.

அன்றும் கீழ்பென்னாத்தூரிலிருந்து வரும் வேர்க்கடலைக்கார அம்மா தள்ளுவண்டியோடு என் பின்னால் காத்து நின்றார். சீக்கிரம் போய் இடம் பிடித்தால்தான் அவருக்கு வியாபாரம்.

தம்பி திரையில் உற்றுப் பார்த்தான். "என்னக்கா அது, கயிறு? அந்தம்மாவ ஏன் நிறுத்தி வச்சிருக்க?"

நான் கத்தியதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்த அந்த அம்மா எட்டிப் பார்த்து, "ஒண்ணுமில்ல தம்பி. கூட்டம் ஜாஸ்தி. வண்டி மோதிக்கப் போகுதுனு அக்காதான் பாவம், நின்னு பாத்துப் பாத்து அனுப்புறாங்க," என்றார்.

தம்பியின் முகம் மலர்ந்தது. "எங்கக்கா மாதிரி இங்க நாலு பேர் இருந்தா நான் இந்நேரம் ஊருக்கே வந்திருப்பேம்மா," என்றான்.

போனை வைத்தேன். அந்த அம்மாவின் முகத்தைப் பார்க்காமலே கயிற்றை அவிழ்த்து, "போங்கம்மா," என்றேன். அவர் எப்போதும்போல் சுருக்குப்பையைத் திறந்து இருபது ரூபாயை எடுத்து நீட்டினார்.

வேண்டாம் என்று சொல்லத்தான் நினைத்தேன். கை நீட்டி வாங்கிக்கொண்டேன்.