பாகற்காயில் கலந்தது

இனிப்பு நீர் வியாதிக்கு மாத்திரை கொடுப்பதே நம்மைச் சாகும்வரை நோயாளியாக வைத்திருக்கத்தான் என்று என் அண்ணன் நம்பினார். வியாதி குணமாகிவிட்டால் மருந்துக் கம்பெனிக்காரன் எதைத் தின்பான் என்று கேட்பார். கொரோனா நடமாட்டக் கட்டுப்பாட்டுக் காலத்தில் ஜாகா வேலை போய், கையில் போனோடு வீட்டில் உட்கார்ந்தவர். தொழிற்சாலை வாசலில் காவல் இருந்தவரை இந்தப் பேச்செல்லாம் கிடையாது. முதலில் ஒரு வாட்ஸ்அப் குழு, அதிலிருந்து இன்னொன்று. ஒரு நாள் கிளினிக்கில் கொடுத்த மாத்திரை அத்தனையையும் குப்பையில் போட்டார். சிறுநீரகம் பாதி போய்விட்டது என்று டாக்டர் சொல்லி அப்போது இரண்டு மாதம்கூட ஆகவில்லை.

எனக்கு வாய் சும்மா இருக்காது. சிம்பாங் பூலாயில் அவர் வீட்டுக்கு அடுத்த வரிசையில்தான் என் வீடு. தினமும் போய்ச் சண்டை போட்டேன். "படிச்ச டாக்டர் சொன்னா கேக்க மாட்டீங்க, எவனோ அனுப்புற வீடியோவ நம்புவீங்களா அண்ணே?" என்று கத்தினேன். முட்டாள் என்றுகூடச் சொல்லிவிட்டேன். அவர் கோபப்படவில்லை. அம்மாவைப் பற்றிப் பேசினார்.

தோட்டத்தில் அம்மாவுக்குக் களைக்கொல்லி அடிக்கும் வேலை. முதுகில் டின்னைச் சுமந்துகொண்டு ரப்பர் மரங்களுக்கு நடுவே நடப்பார். கையுறையும் கிடையாது, முகமூடியும் கிடையாது. நகங்கள் கறுத்துக் கழன்றன, மூக்கில் ரத்தம் வந்தது. ஆபீஸில் கணக்கு எழுதும் கிராணி அது வெறும் வெயில் சூடு என்றார். தோட்டத்து ஆஸ்பத்திரியில் மருந்து கொடுக்கும் டிரஸரும் அதையே சொல்லி இரண்டு வெள்ளை மாத்திரையை நீட்டினார். டின்னில் இருப்பது விஷம் என்று பேசிய பெண்களை, வேலைக்குச் சோம்பல்பட்டுக் கதை கட்டுகிறார்கள் என்றார்கள். சின்னப் பெண்ணாக இருந்த நானும் அதை நம்பினேன். சில வருஷம் கழித்து அதே டின் மண்டை ஓட்டுப் படத்தோடு வந்து இறங்கியது. யாரும் வந்து அம்மாவிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

"அப்ப கதை கட்டுனது யாரு? அம்மாவா, அவனுங்களா?" என்று அண்ணன் கேட்டார்.

இந்த மாதிரி நம்பிக்கைக்குப் பத்திரிகையில் சதிக்கோட்பாடு என்று பெயர் போட்டிருந்தார்கள். அந்தப் பெண்கள் அன்றைக்குப் பேசியதையும் அப்படித்தானே ஒதுக்கினார்கள். கிராணி பொய் சொன்னதால் உலகத்து டாக்டர்கள் எல்லாரும் பொய் சொல்கிறார்கள் என்று ஆகிவிடாது, அது எனக்குத் தெரியும். அதை அவர் முகத்தைப் பார்த்துச் சொல்லத்தான் வரவில்லை.

அவர் கால் வீங்கத் தொடங்கியது. செருப்பு நுழையவில்லை. அண்ணி என் அடுப்படியில் உட்கார்ந்து அழுதார். "ஏதாச்சும் பண்ணு லா. எனக்கு அவர விட்டா யாரு இருக்கா?"

அன்றைக்கு நாங்கள் இருவரும் கூடி முடிவு செய்தோம். கிளினிக்கில் அவர் பெயரில் மாத்திரை வாங்கி வந்தேன். சின்ன உரலில் பொடித்து, கசப்பு தெரியாமல் இருக்கப் பாகற்காய்ப் பிரட்டலில் கலந்தோம். பக்கத்து வீட்டுக்குச் சத்தம் கேட்கக் கூடாது என்று ஜன்னலைக்கூடச் சாத்தினோம். அவர் ருசித்துச் சாப்பிட்டார். மூன்று வாரத்தில் கால் வீக்கம் வடிந்து முகம் தெளிந்தது. மாத்திரையை விட்டதால்தான் உடம்பு தேறியது என்று குழுவில் எழுதினார். நான் பல்லைக் கடித்துக்கொண்டேன்.

ஒரு சனிக்கிழமை மதியம் வயிறு சரியில்லை என்று சோற்றை ஒதுக்கிவிட்டு, பாகற்காயை மட்டும் தின்றார். கொஞ்ச நேரத்தில் வேர்த்துக் கொட்டி, நாற்காலியிலிருந்து சரிந்தார். ஈப்போ ஆஸ்பத்திரியில் குளுக்கோஸ் ஏற்றியதும் கண் திறந்தார். டாக்டர் ஒரு மலாய்க்காரப் பெண். என்ன மாத்திரை எடுக்கிறீர்கள் என்று கேட்டார். ஒன்றும் இல்லை என்றார் அண்ணன். டாக்டர் எங்கள் பக்கம் திரும்பினார். மாத்திரை எடுக்காதவருக்குச் சீனி இவ்வளவு இறங்காது, எந்த மாத்திரை என்று தெரியாவிட்டால் மறுபடியும் இறங்கும், உயிருக்கே ஆபத்து என்றார். அண்ணி என் கையை இறுக்கிப் பிடித்தார்.

சொன்னேன். எந்த மாத்திரை, எத்தனை, எதில் கலந்தோம், எத்தனை நாளாக, எல்லாவற்றையும் மலாயில் சொன்னேன். அண்ணனுக்கு என்னைவிட நன்றாகவே மலாய் தெரியும். அவர் முகத்தைச் சுவர் பக்கம் திருப்பிக்கொண்டார். ஓங்கி அறைந்திருந்தாலும் வாங்கிக்கொண்டிருப்பேன்.

வீட்டுக்கு வந்த பிறகு அவர் அண்ணி கையால் தண்ணீர்கூடக் குடிப்பதில்லை. ரொட்டியும் டின் மீனும் தானே வாங்கி வந்து, தானே திறந்து சாப்பிடுகிறார். கால் மறுபடியும் வீங்கிவிட்டது. டயாலிசிஸ் தொடங்கியே ஆக வேண்டும் என்கிறார்கள், கையெழுத்துப் போட மாட்டேன் என்கிறார். என்ன காரியம் செய்து தொலைத்தேன்! அவரிடம் இனி நான் எதைச் சொல்லி நம்ப வைப்பேன்?

போன வாரம் சோறும் ரசமும் எடுத்துப் போனேன். அவர் முன்னாலேயே நாலு வாய் அள்ளிச் சாப்பிட்டேன். நான் விழுங்கும்வரை என் தொண்டையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஒண்ணும் கலக்கல அண்ணே. சாப்பிடுங்க" என்றேன்.

"நீ சாப்பிட்டுக் காட்டுறப்பவே தெரியுது, இதுல என்னமோ இருக்குன்னு" என்று சொல்லித் தட்டைத் தள்ளி வைத்தார்.