மேஸ்திரி கட்டிய சாப்பாட்டுப் பணம்

1. டாலா படகுத்துறை

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபதுகளில் நான் ரங்கூன் சிவில் கோர்ட்டில் அமீனா. சம்மன் கொடுப்பது, ஜப்தி செய்வது, கடன் கட்டாதவர்களை வாரண்டில் பிடித்து வருவது என் வேலை. நான் கொண்டுபோன முதல் வாரண்டு முனியனுடையது.

முனியன் பசுந்தாங் அரிசி ஆலையில் மூட்டை தூக்கியவன். ஆலைக்குக் கூலியாள் பிடித்துவரும் மேஸ்திரியிடம் கப்பல் சார்ஜுக்கு முன்பணம் வாங்கி ஊரிலிருந்து வந்தவன். இடுப்பில் மூட்டை சரிந்து விழுந்தபின் அவனால் வேலைக்குப் போக முடியவில்லை. மேஸ்திரி வட்டியும் சேர்த்துக் கோர்ட்டில் டிக்ரி வாங்கிவிட்டார். அதற்குள் முனியன் ஆற்றுக்கு அக்கரையில் டாலாவில் மனைவி வீட்டோடு போய்விட்டான். மனைவி பர்மியப் பெண், மா மியா. கைக்குழந்தை ஒன்று.

ஆளைக் காட்ட மேஸ்திரி என்னோடு சம்பான் படகில் வந்தார். படகுத்துறையிலேயே முனியன் அகப்பட்டான். தூணைப் பிடித்துக்கொண்டுதான் எழுந்தான். இவனிடம் என்ன வசூலாகும் என்று மேஸ்திரியைக் கேட்டேன்.

"ஒண்ணும் வராதுன்னு எனக்குத் தெரியும்ப்பா. மத்த பயலுக பாக்கணும்."

மா மியா குழந்தையோடு கரையில் நின்றாள். அழவில்லை. எந்த ஜெயில் என்று மட்டும் பர்மிய மொழியில் கேட்டாள். சொன்னேன்.

2. கம்பிக்கு அந்தப் பக்கம்

கடனுக்காக ஜெயிலில் போடுகிறவர்தான் கைதியின் சாப்பாட்டுச் செலவை மாதாமாதம் முன்கூட்டிக் கட்ட வேண்டும். சட்டம் அப்படி. மேஸ்திரி சந்தோஷமாகக் கட்டினார். தன் ஆட்களில் யாராவது முறைத்தால், முனியன் பக்கத்தில் இடம் இருக்கிறது என்பாராம்.

மா மியா பசுந்தாங் ஆலை வாசலில் கூடை வைத்து மொகிங்கா என்ற மீன்குழம்புச் சேமியா விற்க ஆரம்பித்தாள். தோட்டை விற்றாள். முனியனோடு மூட்டை தூக்கியவர்களும் ஆளுக்குக் கொஞ்சம் கொடுத்தார்கள். எல்லாம் சேர்ந்தும் கடனில் பாதிகூட இல்லை. அதை வாங்கிக்கொண்டு ஆளை விடும்படி கேட்டாள். மேஸ்திரி மறுத்துவிட்டார்.

அந்த வாரம் வேறொரு கைதியைக் கூட்டிக்கொண்டு ஜெயிலுக்குப் போனபோது இருவரையும் பார்த்தேன். அவள் பண முடிச்சை அவிழ்த்துக் காட்டினாள். மேஸ்திரி மனம் மாறினால் கொடுத்துவிடுவதாகச் சொன்னாள். முனியன் கம்பி வழியாகக் கையை நீட்டி, முடிச்சை மறுபடி அவளையே கட்ட வைத்தான்.

"குடுக்காதே. பிள்ளைக்கு வச்சுக்கோ. எனக்கு அவன் சோறு போடட்டும்."

அவள் கோபப்பட்டுப் போய்விட்டாள். அடுத்த வாரம் வந்தாள் என்று வார்டர் சொன்னார்.

3. பணம் கட்டாத மாதம்

முனியன் சொன்னது ஆலைக்குள் பரவிவிட்டது. அறுவடை முடிந்து நெல்படகுகள் வந்து குவிந்த சமயம். ஆள் போதவில்லை. மேஸ்திரி ஒருவனை மிரட்டியபோது அவன், "போடுங்க மேஸ்திரி, அங்க வேளைக்குச் சோறு வருதாம்" என்றானாம். சுற்றி நின்றவர்கள் சிரித்துவிட்டார்கள். அந்த மாதம் மேஸ்திரி கோர்ட்டுக்குப் பணம் கட்ட வரவில்லை. கட்டவில்லையென்றால் கைதியை வெளியே விட வேண்டும். விட்டார்கள்.

முனியன் ஜெயில் வாசலிலிருந்து நேரே கோர்ட்டுக்கு வந்தான். இடுப்பு இன்னும் கோணலாகவே இருந்தது. கடன் தீர்ந்துவிட்டதா என்று கேட்டான். தீரவில்லை என்று சொல்ல வேண்டியிருந்தது. சொத்து ஏதாவது வந்தால் ஜப்தி செய்யலாம். ஆனால் அதே டிக்ரிக்கு இன்னொரு தடவை பிடித்து அடைக்க முடியாது என்றேன்.

"அப்ப இந்த உடம்பை இனி அவன் தொட முடியாது. அதானே ஐயா?"

ஆமாம் என்றேன். இதை முன்பே யாரும் சொல்லவில்லை என்றான். உண்மைதான். சொல்வது யாருடைய வேலையும் இல்லை.

அதற்குப் பிறகு நான் யாரைப் பிடித்தாலும், புறப்படுமுன் சாப்பாட்டுப் பணம், மறுபடி அடைக்க முடியாதது என்ற இந்த இரண்டு விதிகளையும் அவர் மொழியிலேயே சொல்லிவிடுவது வழக்கமாயிற்று. கடன் கொடுத்த மனிதர்கள் சிலருக்கு அது பிடிக்கவில்லை, புகார் செய்தார்கள். அமீனாக்களுக்கு மேலதிகாரியான கோர்ட் நாசர் கூப்பிட்டு, "உன் வேலை ஆளைக் கொண்டாறது. பாடம் நடத்துறதில்ல" என்றார். சொல்லக்கூடாது என்று ரூல் இருக்கிறதா என்று கேட்டேன். அவர் தேடிப் பார்ப்பதாகச் சொன்னார். நான் ஓய்வு பெறும்வரை ஒன்றும் கிடைக்கவில்லை. சொல்வதை நானும் நிறுத்தவில்லை.