வரைபடத்தில் வெள்ளையாக இருந்த தெரு

அன்று பள்ளிக்கூட வகுப்பறையில் நடந்த வார்டுக் கூட்டத்தில் இருந்தவர்கள்: கவுன்சிலர். சுகாதார ஆய்வாளர். லேப்டாப்போடு வந்த கல்லூரிப் பெண். பக்கத்து வீட்டு அக்கா. நான். என் மனைவி வரவில்லை. மகளுக்கு டெங்கு. கோவை ஆஸ்பத்திரியில் கூட இருந்தாள். மகள் வீடு திரும்புவதற்குள் எங்கள் தெருச் சாக்கடையை அள்ளியாக வேண்டும். அதற்காகத்தான் போனேன்.

அரசாங்கம் வெளியிட்ட காய்ச்சல் கணக்கை அந்தப் பெண் தெருவாரியாகப் பிரித்து வரைபடம் போட்டிருந்தாள். காய்ச்சல் கண்ட தெரு சிவப்பு. சிவப்புத் தெருவுக்குப் புகை மருந்து, சாக்கடை அள்ள ஆள். விசைத்தறிக்காரர்கள் குடியிருக்கும் எங்கள் தெரு வெள்ளை.

"உங்க தெருவுல ஒண்ணுமே இல்லீங்களே," என்றார் ஆய்வாளர்.

"ஏனுங்க, இவரு புள்ள ஒரு வாரமா படுத்துக் கெடக்குது. ஒண்ணுமில்லீங்களா?" என்றாள் அக்கா.

"கணக்குல வரோணுமுங்க அம்மணி."

"கடிச்ச கொசு கையெழுத்துப் போடாம போயிருச்சாட்ட இருக்குதுங்க."

கவுன்சிலர் சிரித்தார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அந்தப் பெண் சிரிக்கவில்லை. "ஆஸ்பத்திரியில எந்த விலாசம் குடுத்தீங்கண்ணா?"

ஆதாரைத்தான் கொடுத்தேன். அதில் இருப்பது சொந்த ஊர் பவானி விலாசம். தறி வேலைக்குச் சூலூர் வந்து ஒன்பது வருசம் ஆகிறது. ரேசன் கார்டு, ஓட்டு எல்லாம் இன்னும் அங்கேதான். மாற்றினால் ஊரில் இருக்கும் அப்பா அம்மாவுக்கு அரிசி நின்றுவிடும் என்று பயம். எங்கள் தெருவில் பாதிக்குமேல் இப்படித்தான்.

கடித்தது இந்தச் சாக்கடைக் கொசு. காய்ச்சல் ஏறியது பவானிக் கணக்கில். அங்கே புகை அடித்திருப்பார்கள்.

அட்டையை நீட்டியவன் நான்தான். என்மேல் கோபம். அவர்கள்மேல் அதைவிடக் கோபம். ஒரு நாள் தெருவுக்குள் நடந்திருந்தால் போதும், நாற்றமே சொல்லியிருக்கும்.

"எத்தன பேருன்னு தெரிஞ்சாத்தானுங்க ஆள் அனுப்ப முடியும்," என்றார் ஆய்வாளர்.

"வீடு வீடா எழுதிட்டு வாங்கண்ணா. படத்த நான் மாத்திக் குடுக்கறேன்," என்றாள் அந்தப் பெண்.

மறுநாள் ஷிப்ட் முடித்து அக்காவும் நானும் போனோம். எனக்கு எழுத்துக் கூட்டித்தான் எழுத வரும். அதனால் பேர் எழுதவில்லை. இந்த மாதம் காய்ச்சலில் விழுந்த ஆளுக்கு நோட்டில் ஒரு கோடு. முதல் கோடு என் மகளுக்கு.

நோட்டை ஆய்வாளர் மேஜையில் வைத்து எண்ணச் சொன்னேன். விரல் வைத்து எண்ணினார். நம்பாமல் மறுபடியும் எண்ணினார்.

இருபத்து மூன்று.