மகள் ஏறின பாறை அலை

டண்டினொங் நகரில் இருந்து விடியமுதலே வெளிக்கிட்டு வந்து, கடலுக்கு மேலே உள்ள கார்ப்பார்க்கில் நிற்கிறன். நேற்று முழுக்கக் கடையில் நின்ற கால் இன்னும் உளையுது. கீழே கடலில் மகள் துளசி அலைச்சறுக்குப் பலகையில் படுத்தபடி அலைக்குக் காத்திருக்கிறாள். இங்கே தண்ணிக்கு அடியில் மணல் இல்லை, கூரான பாறை.

பக்கத்தில் ஈர ரப்பர் உடுப்போடு நிற்கிற இந்த ஊர் வெள்ளைக்காரன் கேட்கிறான்: "உங்கட மகளோ? பயமில்லையோ?"

"நான் மீன்பிடி வள்ளத்தில சமுத்திரம் தாண்டி வந்தவன். அஞ்சாம் வகுப்புத்தான் படிச்சனான், இண்டைக்கு மூண்டு கடைக்கு முதலாளி. என்ர ரத்தத்துக்கு என்ன பயம்?" எனக்குத் தெரிந்த இங்கிலீசில் சொல்லுறன்.

"அது கடலுக்குத் தெரியாதே, மேட்" என்கிறான். "அந்தா, பெரிசு ஒண்டு வருது."

வீட்டு உயரத்துக்கு அலை எழும்புது. துளசி பலகையில் எழும்பி நிற்கிறாள். அதுவரைக்கும்தான் பார்த்தன். கண் தானாய் மூடிக்கொண்டுது. பிறகு மேலே நின்ற சனம் கைதட்டுறது கேட்டுக் கண்ணைத் திறந்தால், வெள்ளைக்காரன் என்னையே பார்த்துக்கொண்டு நிற்கிறான்.

கொஞ்ச நேரத்தில் குதிக்காலில் ரத்தத்தோடு ஏறி வாறாள்.

"அப்பா, பாத்தனீங்களா?"

நான் குனிந்து அவளின் குதிக்காலைப் பார்க்கிறன். வெள்ளைக்காரன் முந்திக்கொள்கிறான்.

"உன்ர அப்பா கண் கொட்டாமல் பாத்தவர்."