எட்டாம் பெட்டி

"நீங்க போயிருவீங்க மேடம். உங்க சாமான் போய்ச் சேருமான்னுதான் தெரியல."

வெளிநாட்டுக்கு வீட்டுச் சாமான்களைக் கப்பலில் அனுப்பித் தரும் தூத்துக்குடி அலுவலகம் ஒன்றில், என் ஆதார் அட்டையின் பின்பக்கத்து முகவரியைப் படித்துவிட்டு அங்கிருந்த ஊழியர் சொன்னது இது. எனக்கு நியூசிலாந்தில் நர்ஸ் வேலை கிடைத்திருந்தது. விசா வந்துவிட்டது. என் சம்பாத்தியத்தில் வாங்கிய பொருட்களை இங்கேயே விட்டுப்போக மனமில்லாமல் அவர் முன்னால் போய் உட்கார்ந்திருந்தேன்.

"சிவகாசிப் பக்கத்துச் சாமான்னா போர்ட்ல சும்மா விட மாட்டாங்க" என்றார். "எதுலயாவது சந்தேகம் வந்தா பெட்டிய நிறுத்திருவாங்க. பெட்டிக்குச் சொந்தக்காரங்களையும் நிறுத்திருவாங்க."

முதலில் காரைப் பற்றித்தான் கேட்டேன். பழைய கார்தான், ஆனால் எங்கள் குடும்பத்தில் முதல் நாலு சக்கரம். அவர் படிவத்தை எடுத்துக்கொண்டு, "கார்ல எப்பவாவது பட்டாசு ஏத்திருக்கீங்களா?" என்றார்.

"தீபாவளிக்குத் தீபாவளி" என்றேன். மதுரையில் நான் வேலை பார்த்த மருத்துவமனையில் பாதிப் பேருக்கு எங்கள் ஊர்ப் பட்டாசு என் டிக்கியில்தான் போனது. எங்கள் பக்கம் கார் வைத்துக்கொண்டு பட்டாசு ஏற்றாதவர் யார்?

அவர் சிரித்துக்கொண்டே படிவத்தில் கார் என்பதை அடித்துவிட்டார். "ஸ்டெப்னிக்கு அடியில துளி பவுடர் ஒட்டிருந்தாப் போதும். பஞ்ச வச்சுத் தொடச்சு மெஷின்ல காட்டுவாங்க. சாமான மட்டும் அனுப்புங்க. அதுவும் ஒரே கன்டெய்னர்ல அஞ்சாறு குடும்பத்துச் சாமானோட சேந்துதான் போகும், பாத்துக்கோங்க."

ஊருக்குத் திரும்பும் வழியெல்லாம் அந்தப் பஞ்சு என் கண்முன்னாலேயே இருந்தது.

என் அம்மா பட்டாசுக் கம்பெனியில் வேலை பார்க்கிறார். எனக்கு நினைவு தெரிந்த நாளிலிருந்து மத்தாப்புப் பிரிவு. வீட்டுக்கு வந்ததும் குளித்துவிடுவார், ஆனாலும் நகக்கண்ணில் பட்டாசு மருந்தின் வெள்ளிப் பொடி மினுங்கிக்கொண்டிருக்கும். நான் எட்டாவது படிக்கும்போது ஒருநாள் வகுப்பறை ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. டீச்சர் சாக்பீஸைக் கீழே வைத்தார். சத்தம் எந்தப் பக்கமிருந்து வந்தது என்று ஒவ்வொருவரும் காதைத் தீட்டிக்கொண்டிருந்தோம். கிழக்கு என்றால் என் அம்மாவின் கம்பெனி இல்லை. கிழக்குதான். எனக்கு மூச்சு வந்தது. முன் பெஞ்சில் இருந்தவள் எழுந்து ஓடினாள். அன்று எனக்கு மூச்சு வந்ததை இதுவரை நான் யாரிடமும் சொன்னதில்லை.

பதினொரு பெட்டிகள் சேர்ந்தன. மிக்ஸி, குக்கர், தையல் மெஷின், புத்தகங்கள், போர்வைகள். அட்டைப்பெட்டிகளை அம்மா கம்பெனியிலிருந்து கொண்டுவந்திருந்தார். எங்கள் பக்கம் வீடு மாறுகிறவர்கள் எல்லாரும் செய்வதுதான். கனமான அட்டை, எதையும் தாங்கும். கட்டி முடித்து டேப் ஒட்டும்போதுதான் பார்த்தேன். ஒவ்வொரு பெட்டியின் பக்கவாட்டிலும் ஆரஞ்சுக் கட்டத்துக்குள் வெடித்துச் சிதறும் குண்டின் படம். சின்ன வயதிலிருந்து என் பாடப் புத்தகங்கள் இருந்தது அந்தப் படம் போட்ட பெட்டியில்தான். அதை ஒரு படமாக நான் பார்த்ததே இல்லை.

எல்லாவற்றையும் பிரித்துக் கொட்டினேன். சிவகாசியில் ஒரு பிரஸ்ஸில் அச்சில்லாத புது அட்டைப்பெட்டிகள் வாங்கிவந்தேன்.

"இம்புட்டுப் பயந்தா எப்பிடி ஊர் போயிச் சேருவ?" என்றார் அம்மா. "பெட்டி வெடிக்குமா? அதுல போட்டிருக்க படம் வெடிக்குமா?"

"பாக்கறவுகளுக்குத் தெரியணும்ல."

"சரி புள்ள, ஏனத்த நான் கட்டுதேன். நீ போயி உம் புத்தகத்தக் கட்டு."

பாத்திரங்கள் எட்டாம் பெட்டியில் போயின. அம்மாதான் கட்டினார். மினி லாரியில் ஏற்றி அனுப்பிவிட்டு நானும் தூத்துக்குடிக்குப் போய்க் கையெழுத்துப் போட்டேன். எங்கள் தெருவில் எந்தப் படிவம் வந்தாலும் என்னிடம்தான் வரும். ரேஷன், வங்கி, காப்பீடு, எதுவானாலும் வரி வரியாகப் படித்துச் சொல்லிவிட்டுத்தான் கையெழுத்துப் போடவிடுவேன். எங்கள் வீட்டில் முதலில் பள்ளிக்கூடம் போனவள் நான். அந்தப் பெருமை எனக்கு உண்டு, மறைக்கவில்லை.

இரண்டு நாள் கழித்து, காலைச் சாப்பாட்டின்போது அம்மா சாதாரணமாகச் சொன்னார்: "ஏனம் நசுங்காது. எம் பழைய சேலை நாலையும் சுத்தி வச்சிருக்கேன்."

"எந்தச் சேலை?"

"வேலைக்குக் கட்டுறதுதான். பருத்தில்ல? நீ எடுத்து வச்சிருந்த நைலான் துணியத் தூரப் போட்டுட்டேன். ஒரசுனா பொறி வரும்."

கம்பெனிக்குள் நைலான் கட்டிக்கொண்டு போனால் வாசலிலேயே திருப்பி அனுப்பிவிடுவார்கள். பருத்திதான் பத்திரம். அத்தனை வருடம் அம்மாவைப் பத்திரமாக வீடு சேர்த்த பழக்கத்தை எனக்காகவும் செய்திருக்கிறார். அந்தச் சேலைகளை எத்தனை முறை துவைத்தாலும் வெயிலில் விரித்தால் மினுங்கும்.

இட்லித் தட்டைத் தள்ளி வைத்தேன். "வேற எதுவும் வச்சீகளா? மத்தாப்பு, கித்தாப்பு? அங்கன தீபாவளிக்கு வேணும்னு?"

அம்மா கையைக் கழுவிக்கொண்டு வந்து என் எதிரில் நின்றார். "எம்புட்டு வருசமா தீயோட பொழைக்கேன். வீட்டுக்கு ஒரு குச்சி கொண்டாந்திருப்பேனா? ஏனத்துக்குள்ள வைக்க நான் என்ன கிறுக்கியா?"

நம்பினேன். ஆனாலும் படிவத்தின் நகலை எடுத்துப் பார்த்தேன். கீழே, சிறிய எழுத்தில், என் கையெழுத்துக்கு நேர் மேலே: எல்லாப் பெட்டிகளையும் நானே கட்டினேன், உள்ளே இருப்பவை அனைத்தும் எனக்குத் தெரியும். அந்த வரியைப் படித்துவிட்டுத்தான் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். எட்டாம் பெட்டி நினைவுக்கே வரவில்லை. பஞ்சில் ஏதாவது ஒட்டினால் கேள்வி என்னிடம்தான் வரும். கேஸ் என்று ஒன்று பதிவானால் விசாவை யார் காப்பாற்றுவார்கள்?

சும்மா இருந்துவிடலாம் என்றும் தோன்றியது. துணிதானே, நான்கு சேலை. சோதிக்காமலும் போகலாம். பிறகு, முகம் தெரியாத அந்த அஞ்சாறு குடும்பத்தின் சாமான்கள் நினைவுக்கு வந்தன. துணியிலிருக்கும் பொடி கப்பலைக் கொளுத்தாது என்று படித்தவளுக்குத் தெரியும். அன்று ஜன்னல் அதிர்ந்ததைக் கேட்டவளுக்கு அது போதவில்லை.

தூத்துக்குடி அலுவலகத்து ஊழியருக்குப் போன் செய்தேன். மணி அடிக்க அடிக்க, அவர் எடுக்காமல் இருந்தால் நல்லது என்று நினைத்தேன். எடுத்துவிட்டார். சொன்னேன்.

"லோடு இன்னும் போர்ட்டுக்குள்ள போகல" என்றார். "உடனே வாங்க. கட்டினவங்களையும் கூட்டிட்டு வாங்க."

அம்மா தன்னிடமிருந்ததிலேயே நல்ல சேலையைக் கட்டிக்கொண்டு காரில் ஏறினார். சாத்தூர் தாண்டியதும், "என்னயப் பிடிச்சு வச்சுக்கிட்டு உன்ன விட்டுருவாகளா?" என்று கேட்டார். முன்னால் போன லாரியை முந்தினேன்.

குடோனில் எட்டாம் பெட்டியை அந்த ஊழியரே திறந்தார். இட்லிப் பானை, குக்கர், கரண்டிகள், நான்கு சேலைகள். ஒவ்வொரு ஏனத்தையும் கவிழ்த்துத் தட்டிப் பார்த்தார். மத்தாப்பு இல்லை. ஆனால் அவர் விரல் நுனிகள் வெள்ளியாக மினுங்கின. பேன்டில் துடைக்கப் போனவர் கையை நடுவிலேயே நிறுத்திக்கொண்டார்.

"நான் சொன்னேன்ல தம்பி, வெறும் சேலதான்" என்றார் அம்மா, தணிந்த குரலில்.

"சேலதாம்மா. அதான் பிரச்சினை." என் பக்கம் திரும்பினார். "இந்தப் பெட்டிய எடுத்துட்டுப் போயிருங்க மேடம். மத்த பத்தையும் இப்பிடியே விடுறதா, என்னன்னு நீங்கதான் சொல்லணும். எல்லாம் ஒரே லாரில ஒண்ணு மேல ஒண்ணா வந்ததுதானே. பிரிச்சுத் தொடச்சுக் கட்டுறதுன்னா இந்தக் கப்பலுக்குப் போகுமான்னு சொல்ல முடியாது."

எட்டாம் பெட்டியை டிக்கியில் வைத்தேன். அலுவலகத்துக் குழாயில் முழங்கை வரை சோப்புப் போட்டுக் கழுவினேன். அம்மாவையும் கழுவச் சொன்னேன். முன்பு போட்ட கையெழுத்தைக் குறுக்கே அடித்துவிட்டுப் புதுப் படிவம் கேட்டேன். அவர் அதை எடுத்துக்கொண்டு, பெட்டிகளைப் பிரிக்கக் கத்தியையும் தேடிப் பிடித்து வருவதற்குள், நான் முதல் பெட்டியின் டேப்பைக் கார் சாவியால் கிழித்திருந்தேன்.