முதல் பக்கத்தில் ஒரு கையெழுத்து

கிருபாகரன் சார் இறந்த செய்தி வந்தபோது காட்பாடியில் ரயிலுக்கு நின்றுகொண்டிருந்தேன். எனக்கு முதலில் வந்தது அழுகை அல்ல, கோபம். பதில் சொல்லாமலே போய்விட்டாரே மனுஷன்.

பல்கலைக்கழகப் பதிப்புத் துறையில் அவரோடு வேலை செய்த உங்களுக்கு அவருடைய பிடிவாதம் தெரியும். ஷூ கம்பெனிப் பெண்களின் உடல்நலம் பற்றி நான் எழுதிய நூல் அச்சுக்குப் போகும் முன், மெய்ப்புத் தாள்களோடு, என்னையும் கூட்டிக்கொண்டு, மாதனூரில் அந்தப் பெண்கள் போகும் கம்பெனி பஸ்ஸில் ஏறிவிட்டார். ஆம்பூர் வரும்வரை, அவரவர் சொன்னதை அவரவருக்கே வாசித்துக் காட்டினார். "அவங்க சரின்னு சொல்லாம ஒரு வரி அச்சுக்குப் போகாது மேடம்" என்றார்.

பசை நெடியால் வந்த இருமலைப் பற்றிச் சொல்லியிருந்த ஷமீமா, "வேலைக்கு எதுனா பேஜார் ஆயிடுமா சார்?" என்று தயங்கினாள்.

"பேரை மாத்திட்டோம்மா. புக்கு வந்ததும் உன் போன்லயே சும்மா படிக்கலாம்."

அங்கேயே முதல் தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டார்: 'இந்நூலை எவரும் இலவசமாகப் படிக்கலாம், பிரதி எடுக்கலாம்.' அதைப் பார்த்துத்தான் அவள் தலையாட்டினாள். நானும் அதை நம்பித்தான் உரிமையைத் துறைக்கு எழுதிக்கொடுத்தேன்.

நூல் வந்த வாரம் ஷமீமா அழைத்தாள். "இன்னா மேடம், தொறந்தா கார்டு நம்பர் கேக்குது. எங்க மேனேஜர் படிச்சிட்டாரு, எங்களால முடியல."

அட்டையில் ஒரு வெளிநாட்டு நிறுவனத்தின் பெயர் இருந்தது. தரவரிசையில் ஏற வேண்டும் என்று பல்கலைக்கழகம் உரிமையை அவர்களுக்குக் கொடுத்திருந்தது. ஒப்பந்தத்தில் இருந்த கையெழுத்து கிருபாகரன் சாருடையது. பஸ்ஸில் அவர் எழுதிய அந்த வரியை மட்டும் அதில் காணவில்லை.

"எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே சார்?" என்று அவர் அறைக்கே போய்க் கேட்டேன். அவர் மேசையிலிருந்த தாள்களை அடுக்கிக்கொண்டே இருந்தார். அதன்பின் நாங்கள் பேசவே இல்லை.

சத்துவாச்சாரியில் அவர் வீட்டு வாசலில், "அறிவை எல்லோருக்கும் திறந்துவிட்டவர்" என்று ஒருவர் அஞ்சலி செலுத்திப் பேசினார். என்னால் அங்கே நிற்க முடியவில்லை. நான் அவரை இன்னும் மன்னிக்கவில்லை.

அவருடையது என்று என்னிடம் இருப்பது அந்த மெய்ப்புக் கட்டு மட்டும்தான். நேற்று ஜெராக்ஸ் கடையில் அதை அப்படியே பிரதி எடுத்து, மாதனூர் பஸ்ஸில் கொடுத்தேன்.

"யாருனா கேட்டா இன்னா சொல்றது மேடம்?" என்றாள் ஷமீமா.

முதல் பக்கத்தைத் திருப்பிக் காட்டினேன். "சார் கையெழுத்து போட்டிருக்கார்னு சொல்லு."